கயிற்றைப் பிடித்த கை

இதை எழுத வேண்டும் என்று முதலில் நினைத்தபோது என் தாடியில் ஒரு நரை கூட இல்லை. எழுத உட்காருவேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே ஒன்றும் வராது. வெறும் பிள்ளையார் சுழியோடு மடித்து வைத்த தாள்கள் வீட்டில் எத்தனை கிடக்கின்றன என்று என் மனைவிக்குத்தான் தெரியும். சாமி பேரைக் கெடுக்கிறேன் என்று பக்தர்கள் யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயம். வெளியே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு பயம். என் பேர் கெட்டுப்போகும் என்பதுதான் அது.

நான் கடலூரில் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவன். படிப்பு பத்தாவது. வீடு செம்மண்டலம். காலையில் குளித்து விபூதி பூசி விளக்கேற்றாமல் ஒரு வாய் காபி குடித்தது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னை இன்னார் என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சுனாமி வந்த அன்று தேவனாம்பட்டினத்தில் எங்கள் வண்டி நின்றது. வண்டியில் கயிறு இருந்தது. அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது. அதற்குப் பிறகு சில வருஷம் கழித்துத்தான் எங்களில் சிலரைப் பொறுக்கி எடுத்து, கயிறு கட்டி ஆளை மீட்கிற பயிற்சி கொடுத்தார்கள். கிணற்றில் விழுந்தவர், தொட்டிக்குள் மயங்கிக் கிடப்பவர், மாடியில் மாட்டிக்கொண்டவர், இவர்களைக் கயிற்றில் இறங்கித் தூக்குகிற வேலை.

பயிற்சி சிதம்பரத்துக்கு வெளியே, தண்ணீர் ஏற்றாமல் விட்டுவிட்ட ஒரு பழைய மேல்நிலைத் தொட்டியில் நடந்தது. மூன்று மாடி உயரம் இருக்கும். வாரத்தில் சில நாள் கடலூரிலிருந்து வேனில் போவோம். போகிற வழியில் குடிகாட்டில் ஒருவன் ஏறுவான். என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவன். என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். கிறிஸ்தவன். அவன் அப்பா கூலி வேலை செய்து படிக்க வைத்தார். அந்தக் குடும்பத்தில் முதல் அரசாங்க வேலை அவனுடையது. ஏறும்போதே அந்த ஊர் கெமிக்கல் கம்பெனிப் புகை நாற்றமும் கூடவே ஏறும். "ஜன்னலைச் சாத்துங்கடா, என் சென்ட்டு எல்லாம் வெளிய போவுது" என்பான். வேனே சிரிக்கும்.

பயிற்சி கொடுக்க வந்தவரை மாஸ்டர் என்போம். அவர் முதல் நாளே ஒரு முடிச்சைச் சொல்லிக் கொடுத்தார். கயிற்றில் எட்டு எழுதுவது போல ஒரு முடிச்சு. பிறகு நுனியை இடுப்பு வாரின் வளையத்தில் நுழைத்து, வந்த வழியே அந்த எட்டின் கூடவே திரும்ப ஓட்டிக்கொண்டு போய் வெளியே எடுக்க வேண்டும். முடிந்தபோது இரண்டு கயிறும் தண்டவாளம் மாதிரி ஜோடியாக ஓட வேண்டும். பாதி வழியில் விட்டால், பார்க்க முடிச்சு மாதிரியே இருக்கும். ஆள் பாரம் ஏறினால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

அதனால் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கட்டினவனை நம்பக் கூடாது. ஜோடியாக நிற்பவன் கிட்டே வந்து, அந்த முடிச்சை விரலால் ஆரம்பத்திலிருந்து நுனி வரை தடவி, இடுப்பு வாரைப் பிடித்து இழுத்து, "பாத்தாச்சு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் விளிம்பில் கால் வைக்கலாம். "கண்ணால பாக்காதீங்கய்யா, கையால பாருங்க" என்று அவர் சொல்லாத நாளில்லை.

என் ஜோடி குடிகாட்டான்தான். எங்கள் கூட்டத்திலேயே கயிறு வேலையில் கெட்டிக்காரன். மாஸ்டர் அவனை மேல்பயிற்சிக்கு அனுப்பப் போவதாகவும், திரும்பி வந்து அவனே மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுப்பான் என்றும் பேச்சு இருந்தது. அவனுக்கு அது பெரிய கனவு. "மச்சான், அப்புறம் நீயெல்லாம் என்னைப் பாத்து சல்யூட் அடிக்கணும், தெரியுதா?" என்பான்.

பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே கார்த்திகை பிறந்தது. நான் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவன். அந்த வருஷமும் போட்டேன். மாலை போட்டால் எல்லோரும் நம்மைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய அதிகாரி கூட "வாங்க சாமி" என்பார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், வளர்ந்த தாடி. பயிற்சிக்கு மட்டும் யூனிஃபார்ம் போட்டு, அதன் மேல் மாலை தெரிகிற மாதிரி விட்டுக்கொள்வேன். தோல் படக்கூடாது என்று எனக்குக் கொடுத்த புதுத் தோல் கையுறையைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். ஜோடி ஆள் போட்டிருந்த கையுறை உள்ளங்கையில் தேய்ந்து நூலாகக் கிடந்தது. என்னுடையதை எடுத்து அவனிடம் கொடுக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை.

மாலை போட்டு முதல் தடவை தொட்டிக்குப் போனபோது நான் முடிச்சுப் போட்டேன். அவன் வழக்கம் போலக் கிட்டே வந்து இடுப்பு வாரில் கை வைக்க வந்தான்.

"தொடாத மச்சான். மாலை போட்டிருக்கேன்ல" என்றேன்.

அவன் கை அப்படியே நின்றது.

"அப்ப எப்படிப் பாக்கறது?"

"கண்ணால பாத்துக்கோ. நான் கட்டுனா சரியாத்தான் இருக்கும்."

"சரிங்க சாமி" என்று சிரித்துக்கொண்டே பின்னால் போனான். மச்சானாக இருந்த நான் அந்த நிமிஷத்தில் சாமி ஆனேன்.

இதை நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். என் குருசாமி, அதாவது எங்கள் கூட்டத்தை மலைக்கு அழைத்துப் போகிற பெரியவர், எவரையும் தொடாதே என்று எனக்குச் சொன்னது கிடையாது. டீக்கடைக்காரர் கிளாஸை என் கையில் கொடுப்பார், வாங்கிக் குடிப்பேன். பஸ்ஸில் கூட்டம் இடிக்கும், ஒன்றும் சொல்ல மாட்டேன். எங்கள் நிலையத்து ஆட்கள் தோளில் கை போடுவார்கள். இவன் கை நீட்டினபோது மட்டும்தான் எனக்கு மாலை ஞாபகம் வந்தது. அது மாலையால் வந்ததா, மாலைக்கு முன்னாலிருந்தே எனக்குள் இருந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே எனக்கு வருஷக்கணக்கானது. பதில் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு நாள் தூறிக்கொண்டிருந்தது. மேலிருந்து ஆளைக் கயிற்றில் இறக்குகிற பயிற்சி. நான் இறங்குகிறவன். என் இடுப்பில் நான் கட்டுகிற முக்கியக் கயிறு, அதை நாலு பேர் சேர்ந்து விடுவார்கள். அதே வாரின் முதுகுப் பக்க வளையத்தில் கொக்கி போட்ட இன்னொரு கயிறு, முதல் கயிறு போனால் தாங்குவதற்கு. அது குடிகாட்டான் கையில். கொக்கியை மட்டும் பின்னாலிருந்து என் மேல் படாமல் மாட்டிவிட்டு, தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டான்.

நான் எட்டு முடிச்சைப் போட்டு, நுனியை வளையத்தில் நுழைத்து, திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கீழேயிருந்து படியேறி வந்த ஒரு பெரியவர், பக்கத்து நிலையத்துக்காரர், என்னைப் பார்த்ததும் மழையில் நனைந்தபடி இரண்டு கையையும் கூப்பி "சாமி சரணம்" என்றார். மாலை போட்டவன் அப்படிச் சொன்னவருக்குத் திருப்பிச் சொல்லாமல் இருக்கக் கூடாது. நான் கயிற்று நுனியை விட்டுவிட்டு, கை கூப்பி, கண்ணை மூடி "சாமி சரணம்" என்றேன். கண் திறந்தபோது முடிச்சு முடிந்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. நுனி பாதி வழியில் நின்றிருந்தது.

"பாத்தாச்சா?" என்று கீழேயிருந்து மாஸ்டர் கத்தினார்.

"பாத்தாச்சு" என்று நானே கத்தினேன்.

விளிம்பைத் தாண்டிச் சாய்ந்தேன். கொஞ்ச தூரம் இறங்கினேன். பிறகு இடுப்பில் இருந்த பிடி சட்டென்று இல்லாமல் போனது. எப்படிச் சொல்வது? படி இருக்கிறது என்று கால் வைத்து, அங்கே படி இல்லாமல் போகுமே, அது மாதிரி. சரணம் சொல்லக் கூட வாய் வரவில்லை. மாலை எழும்பி வந்து என் பல்லில் அடித்தது. அப்புறம் முதுகில் ஒரு பெரிய இழுப்பு. தலைகீழாக, தரையைப் பார்த்தபடி, பல்லி மாதிரி தொங்கினேன்.

மேலே அவன் கத்துவது கேட்டது. "ஆட்டாதடா சாமி! ஆடாம தொங்கு! டேய், எவனாச்சும் வாங்கடா, என் கை போவுது!"

மற்ற நாலு பேரும் ஓடிப் போய் அவன் கயிற்றைப் பிடித்து என்னை மெல்ல இறக்கினார்கள். கால் தரையில் பட்டதும் மண்ணில் உட்கார்ந்தேன்.

மாஸ்டர் எல்லோரையும் கீழே வரிசையில் நிற்கச் சொன்னார். முடிச்சுப் போன நுனியை எடுத்துக் காட்டினார்.

"யாரு பாத்தது இதை?"

அவன் ஒரு அடி முன்னால் வந்தான். கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். "நான்தான் சார் பாக்கணும். பாக்கல."

"ஏன் பாக்கல?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "நான்தான் சார் தொடாதன்னேன்." அவ்வளவுதான். என் மாலை மேல் எல்லோர் கண்ணும் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"மறந்துட்டேன் சார்" என்றான்.

"மறந்துட்டியா? ஒரு உசுரு மறந்து போச்சா உனக்கு? உன்னை நம்பி நாளைக்கு நாலு பேரை அனுப்பலாம்னு இருந்தேனே, நான் ஒரு மடையன்!" என்று மாஸ்டர் கத்தினார். கத்திக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற ஒருவர்தான் "சார், அவன் கையைப் பாருங்க சார்" என்றார். அவன் கையுறையைக் கழற்ற முடியவில்லை. உள்ளங்கைத் தோலோடு ஒட்டியிருந்தது.

வேனில் திரும்பும்போது அவன் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். எனக்குச் சரணம் சொன்ன அந்தப் பெரியவர் எங்களோடு வந்தார். "சரணம்னு வாயால சொல்லிட்டு எறங்குனீங்க சாமி. அதான் ஐயப்பன் தாங்கிப் புடிச்சிட்டாரு" என்றார். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மறுத்துச் சொல்லவில்லை. எனக்கு அது இதமாக இருந்தது என்பதுதான் உண்மை.

மலைக்குக் கிளம்புமுன் செம்மண்டலத்தில் எங்கள் கூட்டம் அன்னதானம் போட்டது. நான் அவனையும் கூப்பிட்டிருந்தேன். வரமாட்டான் என்று நினைத்துக் கூப்பிட்டேன். இரண்டு கையிலும் கட்டோடு வந்து பந்தியில் உட்கார்ந்தான். இலை போட்டு, சோறு போட்டு, சாம்பார் ஊற்றியாகிவிட்டது. அவனால் பிசைய முடியவில்லை. அந்த நேரம் பார்த்து குருசாமி மைக்கைப் பிடித்தார். "நம்ம சாமி ஒருத்தரு, தொட்டி உச்சியில இருந்து விழுந்தாரு. கயிறு அறுந்து போச்சு. ஆனா பாருங்க, அந்தரத்துல அப்படியே நின்னாரு. யாரு புடிச்சா? சொல்லுங்க, யாரு புடிச்சா?"

பந்தி முழுக்க "ஐயப்பன்!" என்று கத்தியது. "சாமியே சரணம் ஐயப்பா!"

அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தபடி இருந்தான். என் மனைவி உள்ளே போய் ஒரு ஸ்பூனை எடுத்து வந்து அவன் விரலிடுக்கில் செருகிவிட்டாள். பரிமாறுகிற வாளியோடு நான் எதிரில் நின்றேன். அவன் நிமிர்ந்து பார்த்து மெதுவாகச் சொன்னான். "மச்சான், எனக்குத் தெரியாம என் கையை ஐயப்பனுக்குக் குடுத்துட்டியா? திருப்பித் தருவாரா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

அன்று வீட்டில் மனைவி கேட்டாள். "ஏங்க, அந்த அண்ணன்தான புடிச்சாரு? நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?" அவளிடம் கூட நான் தொடாதே என்று சொன்னதை அப்போது சொல்லவில்லை.

மலைக்குப் போய் வந்தேன். பதினெட்டாம் படியில் எனக்கு அழுகை வந்தது. கூட வந்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் குருசாமியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். முடிச்சு நான் தப்பாகப் போட்டது, பிடித்தது அவன், தொடாதே என்று சொன்னது நான். எல்லாம் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பி, "பாத்தீங்களா, எப்படி ஒரு பணிவு! இதுக்குத்தான் அவர் எறங்கி வந்தாரு" என்றார். நல்ல மனுஷர். இப்போது உயிரோடு இல்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. நான் எதைச் சொன்னாலும் அது என் பெருமையாகவே மாறிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் சொல்லாமல் விட எனக்கு அது ஒரு சாக்கு.

மேல்பயிற்சிக்கு அவன் போகவில்லை. அவன் இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். போனேன். அவனை நிலையத்தில் போன் எடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். மாஸ்டரைத் தேடிப் போய் உண்மையைச் சொல்ல நினைத்தபோது அவர் வேறு ஊருக்குப் போயிருந்தார். போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை.

கதை மட்டும் வளர்ந்தது. ஒரு முறை சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் எனக்கே அதைச் சொன்னார். அதில் தொட்டி ஒரு அணைக்கட்டாகியிருந்தது. கறுப்பு வேட்டி கட்டின ஒரு கிழவர் வந்து கயிற்றைப் பிடித்துவிட்டு மறைந்து போயிருந்தார். குடிகாட்டான் அதில் எங்குமே இல்லை.

தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு, 2012 பொங்கலுக்கு முன்னால், விழுந்த மரங்களை வெட்டி அகற்றுகிற வேலை கொஞ்சம் குறைந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். கூரை ஷீட் பறந்திருந்தது. தார்ப்பாய் போட்டு நான் கயிறு கட்டினேன். கீழே நின்று அவன் கேலி பண்ணினான். "மேல்பயிற்சி எல்லாம் போன பெரிய ஆளு, என் கூரைக்குக் கயிறு கட்டுற. எதுக்கும் கத்திடு மச்சான், பாத்தாச்சுன்னு."

எனக்கு என்ன தோன்றியதோ, "நீ வந்து பாரு. கையால பாரு" என்றேன்.

ஏணியில் ஏறி வந்தான். முடிச்சின் மேல் விரலை வைத்தான். வைத்தபடியே இருந்தான்.

"தெரியல மச்சான்."

"என்ன தெரியல?"

"கையில தெரியல. கயிறா துணியான்னு கூடத் தெரியாது. சுடுதண்ணி பட்டாக்கூட கொஞ்ச நேரம் கழிச்சுதான் தெரியும்." இத்தனை வருஷத்தில் எனக்கு அவன் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கூரை மேலேயே உட்கார்ந்து நான் கேட்டேன். அன்றைக்கு ஏன் மறந்துட்டேன் என்று சொன்னாய்?

"நீ சொல்லுவன்னு பாத்தேன். நீ தலையைக் குனிஞ்ச. சரி, இவன் சொல்ல மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. எதையாச்சும் சொல்லணும்ல?"

எழுதப் போகிறேன் என்றேன். நடந்ததை நடந்தபடி. அவன் தார்ப்பாயின் மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டான். பிறகு சொன்னான்.

"எழுது. ஆனா என்னை ஒரு புனிதராக்கி கோயில்ல நிறுத்திடாத. இதையும் சேத்து எழுது. கயிறு கையில ஓடுனப்ப எரிஞ்சுது. அப்ப ஒரு நெனப்பு வந்துச்சு. 'தொடாதன்னியே, போ'ன்னு. விட்டுடலாம்னு. ஒரு கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனா வந்துச்சு. அதை மாத்தாம எழுது."

கீழேயிருந்து அவன் மனைவி, "ரெண்டு பேரும் அங்கயே குடியிருக்கப் போறீங்களா? டீ ஆறுது!" என்று கத்தினாள். அவன் முதலில் இறங்கினான். இறங்கி, ஏணியைப் பிடித்துக்கொண்டான். பிடித்திருப்பது அவன் கைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே நான் ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

ஐயப்பன் என்னைக் காப்பாற்றவில்லை என்று நான் சொல்லவில்லை. இன்றும் மாலை போடுகிறேன், மலைக்குப் போகிறேன். ஆனால் அவர் சன்னிதியில் நிற்கும்போது, என் பேரில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கதையை நினைத்து நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இதைப் படித்தவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குக் கொடுங்கள். பக்தர்களுக்குக் கொடுங்கள், கயிறு பிடிக்கிற பிள்ளைகளுக்கும் கொடுங்கள். கொடுத்தால் நல்லது நடக்கும், கொடுக்காவிட்டால் கெட்டது நடக்கும் என்றெல்லாம் எதுவும் இல்லை. ஒன்று மட்டும். கறுப்பு வேட்டிக் கிழவரைச் சேர்க்காதீர்கள். கயிறு அறுந்தது என்று எழுதாதீர்கள், கயிறு அறுந்துபோகவில்லை. நான் சொன்ன "தொடாத" என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். அவனுக்கு விட்டுவிடத் தோன்றியதையும், அதற்குப் பிறகும் அவன் விடாததையும், இருக்கிறபடியே இருக்க விடுங்கள்.